மாணவனிடம் மொழி கற்ற ஆசிரியை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் டெக்சாஸ் என்னும் பெரிய மாநிலம் இருக்கிறது. அதன் மேற்குக் கோடியில், மெக்சிகோ எல்லைக்கு நெடுந்தொலைவு இல்லாத இடத்தில், மார்ஃபா என்று ஒரு சிற்றூர். மெக்சிகோ வழிவந்த குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு பள்ளிக்கூடம் அவ்வூரில் 1909-ஆம் ஆண்டு முதல் நடந்து வந்தது. வெயிலில் உலர்த்திய மண்கல்லால் கட்டிய கட்டடம் அது. பிளாக்வெல் பள்ளி என்ற பெயர் அதற்குப் பின்னாளில் வழங்கலாயிற்று. அப்பள்ளியில் 1954-ஆம் ஆண்டு ஒரு சவ அடக்கம் நடந்தது. இறந்தவர் என்று எவரும் இல்லை. பிள்ளைகள் துண்டுக் காகிதங்களில் ஸ்பானியச் சொற்களை எழுதினார்கள். அவற்றை ஒரு சிறு பெட்டியில் இட்டார்கள். கொடிக்கம்பத்தின் அருகே குழி தோண்டி அப்பெட்டியைப் புதைத்தார்கள். 'திருவாளர் ஸ்பானிஷ்' காலமானார் என்பது அச்சடங்கின் பொருள். பள்ளி எல்லைக்குள் தங்கள் வீட்டு மொழியைப் பேசியதற்காகப் பலகையால் அடி வாங்கியதை, அங்குப் பயின்றவர்கள் தங்கள் முதுமையிலும் மறக்காமல் சொல்லி வந்திருக்கிறார்கள்.

இச்சடங்கை முன்னின்று நடத்தியவர்கள் ஆசிரியர்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று கூறுவதற்காக இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலம் விரைந்து வந்தால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்று அவர்கள் மெய்யாகவே எண்ணியிருக்கக்கூடும். நல்லெண்ணத்தோடு தீங்கு செய்வது எங்கள் தொழிலில் எவ்வளவு எளிது என்பதை நான் சொந்த அனுபவத்தில் அறிந்தவன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஸ்பானிய மொழி அந்நாட்டுக்கு நேற்று வந்த மொழியும் அன்று. ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுன் என்னும் தங்கள் முதல் நிலையான குடியேற்றத்தை அமைத்தது 1607-ஆம் ஆண்டில். அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே, 1565-இல், ஸ்பானியர் ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் என்னும் ஊரை நிறுவிவிட்டார்கள். டெக்சாஸ் 1845-இல் ஐக்கிய நாட்டோடு சேர்ந்தது. 1848-ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கலிபோர்னியா முதலிய பெரும் நிலப்பரப்பு மெக்சிகோவின் கையை விட்டுப் போயிற்று. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் வீடு மாறாமலே நாடு மாறின. பின்னர் வேலை தேடி வந்தவர்கள் பல தலைமுறையினர். இன்று அந்நாட்டில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கு மேற்பட்டவர்கள். ஆங்கிலம் இன்னும் கைவராத மாணவர் 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அரசினர் பள்ளிகளில் 50 லட்சத்துக்கு மேல். அவர்களுள் ஏறக்குறைய நால்வரில் மூவருக்கு வீட்டு மொழி ஸ்பானிஷ். ஆயினும் டெக்சாஸ் மாநிலத்தில் 1918-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஆங்கிலம் அல்லாத மொழியில் பாடம் நடத்துவதையே குற்றமாக்கி வைத்திருந்தது. 1969 வரையில் அந்நிலை மாறவில்லை.

அந்தக் காலத்து ஆசிரியர் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். 1928-ஆம் ஆண்டு, இருபது வயது இளைஞர் ஒருவர், கல்லூரிச் சம்பளம் கட்டப் பணமில்லாமல் படிப்பை ஓராண்டு நிறுத்திவிட்டுக் கொட்டூலா என்ற ஊருக்கு ஆசிரியராக வந்தார். சான் அன்டோனியோ நகருக்கும் மெக்சிகோ எல்லைக்கும் இடையில் உள்ள வறண்ட ஊர் அது. மெக்சிகோ வழிக் குழந்தைகள் படித்த வெல்ஹாசன் பள்ளியில் அவருக்கு ஆசிரியர் வேலை, தலைமையாசிரியர் வேலை இரண்டும் சேர்ந்து கிடைத்தன. மாதச் சம்பளம் 125 டாலர். பிள்ளைகள் பலர் காலையில் வெறும் வயிற்றோடு வந்தார்கள். விளையாடப் பந்து கூட இல்லை. இளைஞர் தம் முதல் மாதச் சம்பளத்தில் விளையாட்டுக் கருவிகள் வாங்கினார். சொற்போர் நடத்தினார், எழுத்துக்கூட்டும் போட்டி வைத்தார், மாலையில் நேரம் பாராமல் பள்ளியிலேயே இருந்தார். பள்ளியின் பணியாளருக்குத் தாமே பாடநூல் வாங்கிக் கொடுத்து, படிக்கட்டில் அருகே அமர்ந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். இப்படிப்பட்ட ஆசிரியர் எந்த ஊருக்குக் கிடைத்தாலும் அவ்வூர் பாக்கியம் செய்தது என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் அவரும் ஒரு விதி செய்தார். பள்ளித் திடலில் ஸ்பானிஷ் காதில் விழலாகாது. விழுந்தால் ஆண்பிள்ளைகளுக்கு அடி, பெண்பிள்ளைகளுக்கு வசவு. அவர் வரலாற்றை எழுதினோர் இவ்விரண்டையும் ஒருங்கே பதிந்திருக்கிறார்கள். அவர் பெயர் லிண்டன் ஜான்சன். 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனவர் அவரே.

1965 மார்ச் 15 அன்று, வாக்குரிமை பற்றி நாட்டின் பேரவையில் அவர் ஆற்றிய உரையில் கொட்டூலா வருகிறது. அக்குழந்தைகளில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் சிலரே என்று சொன்னார். அதோடு நிறுத்தாமல், தமக்கும் ஸ்பானிஷ் அதிகம் பேச வராது என்பதையும் சேர்த்துச் சொன்னார். பலரும் இவ்விடத்தைக் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள். ஓர் ஆசிரியன் வகுப்பறைக் குறையைக் கணக்கிடும்போது தன் குறையையும் அதே பட்டியலில் எழுதுவது அரிது. 1966 நவம்பரில் அவர் அப்பள்ளிக்கே திரும்பிச் சென்று பேசினார். 1968 ஜனவரி 2 அன்று, வீட்டு மொழியின் துணையோடு கற்பிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசு பணம் உதவும் முதற் சட்டத்தில் கையெழுத்திட்டார். அம்மசோதாவைக் கொண்டுவந்தவர் யார்பரோ என்ற செனட்டர், அவரும் டெக்சாஸ்காரர்தாம். திடலில் அடித்த கை அச்சட்டத்தில் கையெழுத்திட நாற்பது ஆண்டு பிடித்தது.

இதில் பெரிதாக என்ன இருக்கிறது, பிள்ளைகள் எப்படியும் ஆங்கிலம் கற்றுத்தானே ஆகவேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கற்கத்தான் வேண்டும். அதில் எனக்கும் ஐயமில்லை. கற்பதற்கு முன்னரே அக்குழந்தைக்கு நேர்வது என்ன என்பதைப் பாருங்கள். கலிபோர்னியாவில் மான்ட்டரே வட்டாரத்தில் ஒன்பது குழந்தைகள் மூளை வளர்ச்சி குன்றியோருக்கான வகுப்பில் வைக்கப்பட்டிருந்தார்கள். ஒன்பதின்மரும் ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள். அறிவுத்திறச் சோதனை அவர்களுக்கு ஆங்கிலத்தில் வைக்கப்பட்டிருந்தது. பின்னர் ஸ்பானிய மொழியிலும் விடையளிக்க விட்டுச் சோதித்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கு அத்தகைய குறை எதுவும் இல்லை என்று தெரிந்தது. வழக்கு நீதிமன்றம் சென்று, 1970-இல் ஓர் உடன்பாட்டில் முடிந்தது. அதன்பின் குழந்தையின் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்றாயிற்று. சோதித்தவருக்குத் தெரியாத மொழி, சோதிக்கப்பட்ட குழந்தையின் மந்தமாகப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது!

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1980-களின் நடுவில், பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த சூட்டோடு, அந்நாளைய தருமபுரி மாவட்டத்தில் ஓசூரை அடுத்த ஓர் ஊரில் ஆசிரியனாக இருந்தேன். அப்பகுதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் மிகுதி. என் வகுப்பில் ஒரு பையன் வாயே திறக்கமாட்டான். மந்தம் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் தாயாரை அழைத்துவரச் சொன்னேன். அந்த அம்மாளுக்குத் தெலுங்கு தவிர வேறு தெரியாது. எனக்குத் தெலுங்கு தெரியாது. பையனையே இடையில் நிறுத்தி, "உன் மகன் வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, இப்படியே போனால் தேறமாட்டான் என்று சொல்" என்றேன். அவன் தாயை நோக்கி ஏதோ சொன்னான். அந்த அம்மாள் முகம் மலர்ந்து, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, மடியிலிருந்து நான்கு கொய்யாப் பழங்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். தெலுங்கு அறிந்த சக ஆசிரியர் ஒருவர் அருகே இருந்து கேட்டவர், பின்னர் விளக்கினார்: "சார் என்னை நன்றாகப் படிக்கிறேன் என்று சொல்கிறார்" என்று சொன்னானாம். ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தோம். மறுநாள் அவனை நான் பிரம்பால் அடித்தேன். அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. அவ்வூரில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். தெலுங்கில் நூறு சொற்கள் கூடக் கற்கவில்லை.

இவ்வளவையும் என் மனத்தில் கிளறிவிட்டவர் ஓர் அமெரிக்க ஆசிரியை. 2018-ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில், வட கரோலினா மாநிலத்தில் கேரி என்னும் நகரில் என் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் இருந்தவர் அந்த அம்மையார். ஐம்பது வயதைத் தாண்டியவர். காரில் ஒரு மணி நேரம் சென்று, கோழி இறைச்சி ஆலைகளும் புகையிலை வயல்களும் சூழ்ந்த ஒரு சிற்றூரில் நான்காம் வகுப்பு எடுத்துவந்தார். டெக்சாஸ் போல் அது ஸ்பானிஷ் பழகிய மாநிலம் அன்று. 1990-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அம்மாநிலத்தில் ஸ்பானிய அமெரிக்க வழியினர் 77 ஆயிரம் பேர் கூட இல்லை. 2010-இல் 8 லட்சம். 2020-இல் 11 லட்சத்துக்கும் மேல். ஆலையும் வயலும் கட்டட வேலையும் அவர்களை அழைத்தன. அம்மையார் வேலைக்குச் சேர்ந்த நாளில் வகுப்பில் ஸ்பானிஷ் பேசும் குழந்தை ஒன்றும் இல்லை. நான் கண்ட ஆண்டில் இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர்.

அவர் வாரம் இரண்டு மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் வீட்டுத் திண்ணையில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சொற்களை உரக்கச் சொல்லிப் பார்ப்பார். ஆங்கிலம் பேசும் ஒருவர் ஸ்பானிஷில் தேர்ச்சி பெற 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது அந்நாட்டு அயலுறவுத் துறைப் பயிற்சி நிலையத்தின் அந்நாளைய கணக்கு. வாரம் நான்கு மணி நேரம் என்றால் எத்தனை ஆண்டு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். "ஓய்வு பெறும் நாளில் தேர்ச்சி பெற்றுவிடுவேன்" என்று அவர் சிரித்தார்.

அவருக்கு வராமற் போன முதல் ஓசை, நமக்கு எளிதில் வருவது. ஸ்பானிஷில் 'பெரோ' என்றால் 'ஆனால்'; 'பெர்றோ' என்றால் 'நாய்'. மெல்லிய ரகரமும் உருட்டிய ரகரமும் அங்கே பொருளை மாற்றிவிடும். அரம் வேறு, அறம் வேறு என்று கேட்டு வளர்ந்த காது நம்முடையது. அந்த அம்மையாருக்கு நா உருளவே இல்லை. வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தானே முன்வந்து, மோட்டார் வண்டி ஓட்டுவது போல் 'ர்ர்ர்' என்று செய்து காட்டி, தினமும் இடைவேளையில் அவருக்குப் பயிற்சி கொடுத்தானாம். அதுவரையில் அவன் வகுப்பில் கையுயர்த்தியதே இல்லை. இப்பையனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி கற்கக் கற்க, வகுப்பில் தாம் பிழை என்று வட்டமிட்டவற்றுக்குக் காரணம் தெரியத் தொடங்கியது என்றார். அக்குழந்தைகள் ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' என்று சொல்லாமல் 'எஸ்கூல்' என்பார்களாம். நம் ஊர்ப் பாட்டிமார் 'இஸ்கூல்' என்று சொல்வதை அவரிடம் சொன்னேன், மிகவும் மகிழ்ந்தார். ஸ்பானிஷ் சொல் எதுவும் ஸகர மெய்யை அடுத்து மற்றொரு மெய் வரும்படி தொடங்குவதில்லை. பள்ளிக்கு அவர்கள் சொல்லே 'எஸ்க்குவேலா' என்பதுதான். அவ்வாறே ஆங்கிலத்தின் குறில் இகரத்துக்கும் நெடில் ஈகாரத்துக்கும் ஸ்பானிஷில் ஒரே ஓசை. ஆகவே கப்பலும் செம்மறியாடும் அக்குழந்தைகளின் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. இது செவிக்கோளாறும் அன்று, சோம்பலும் அன்று. ஒரு மொழியின் ஒழுங்கு மற்றொரு மொழிக்குள் நுழைந்து நிற்பது. அறிந்ததினின்று அறியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். குழந்தை அறிந்தது எது என்பது ஆசிரியருக்கே தெரியாவிட்டால் எங்கிருந்து புறப்படுவது?

பெயர் விஷயம் ஒன்று. ஸ்பானிய வழக்கில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: முதலில் தந்தை வழிப் பெயர், அடுத்துத் தாய் வழிப் பெயர். பள்ளி அலுவலகத்தில் கடைசியில் நிற்பதையே குடும்பப் பெயராக எழுதிவிடுவார்கள். கார்சியா லோப்பெஸ் என்ற வீட்டுப் பிள்ளை பதிவேட்டில் லோப்பெஸ் ஆகிவிடுவான். அவன் தந்தை வந்து கார்சியா மகனைத் தேடினால், அப்படி ஒருவனே இல்லை என்பார்கள். என் தகப்பனார் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட நான், அந்நாட்டு விமான நிலையத்தில் என் 'கடைசிப் பெயர்' எது என்று கேட்கப்பட்டு விழித்தவனாகையால், இதை எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சொல்லின் பொருளிலும் அவர் இடறினார். ஒரு தந்தை வந்து தம் மகள் நன்றாக 'எதுகாதா' தானா என்று கேட்டார். ஆங்கிலக் காதுக்கு அது கல்வி கற்றவள் என்பது போல் ஒலிக்கும். அம்மையார் மதிப்பெண் பட்டியலை எடுத்து விரித்தார். தந்தை கேட்டதோ, தம் மகள் பெரியோர் முன் அடக்கத்தோடு நடந்துகொள்கிறாளா என்று. அச்சொல்லுக்கு அங்கே நல்லொழுக்கத்தோடு வளர்ந்தவள் என்று பொருள். கூப்பிட்டால் மெக்சிகோக் குழந்தைகள் சிலர் 'மாந்தே' என்பார்களாம். கட்டளையிடுங்கள் என்பது போன்ற பணிவான சொல் அது. அதன் பொருள் தெரியாமல், கவனியாத பிள்ளை உளறுகிறது என்று எத்தனை முறை எண்ணினேனோ என்றார்.

நேயர்களே, நான் முக்கியமாகச் சொல்ல வந்த நிகழ்ச்சி இனித்தான். 'ர்ர்ர்' கற்பித்த பையன் காலை வகுப்பில் தூங்கி விழுவான். முந்தின பருவத்தில் தாயாரை அழைத்துப் பேசியிருக்கிறார். அன்று பையனே மொழிபெயர்த்தான். "இரவில் நான் நெடுநேரம் தொலைக்காட்சி பார்க்கிறேன் என்று அம்மா சொல்கிறாள்" என்றான். அவரும் அவ்வாறே எழுதிவைத்தார். அடுத்த பருவத்தில் பையனை வெளியே விளையாட அனுப்பிவிட்டுத் தாமே ஸ்பானிஷில் பேசத் துணிந்தார். தொடக்கமே கோணலாயிற்று. ஸ்பானிஷில் நம்மைப் போலவே 'நீ' என்பதற்கு ஒரு சொல், 'நீங்கள்' என்பதற்கு ஒரு சொல்: 'து' என்றும் 'உஸ்தெத்' என்றும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒன்றே. பழக்கமில்லாத நாவினால் அந்தத் தாயை 'நீ' என்று சொல்லிவிட்டார். சொன்னதும் உணர்ந்து, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல விரும்பி, ஆங்கிலச் சொல்லை ஒத்திருந்த 'எம்பரசாதா' என்ற சொல்லை எடுத்துப் போட்டார். அதன் பொருள் கருவுற்றிருப்பவள் என்பது! ஐம்பது வயது ஆசிரியை இப்படி அறிவித்ததும் அந்தத் தாய் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்பு மெதுவாகச் சரியான சொல்லைச் சொல்லிக் கொடுத்தாள். அதன்பின் நாற்பது நிமிடம் அவளே பேசினாளாம்.

அவள் பேசியதில் பாதிதான் விளங்கியது என்றார் அம்மையார். விளங்கிய பாதி இது. அவளுக்குக் கோழி ஆலையில் இரவு வேலை. கணவன் விடியுமுன் கட்டட வேலைக்குப் புறப்பட வேண்டும். அவன் போவதற்கும் அவள் வருவதற்கும் நடுவில் ஒரு மணி நேரம் கைக்குழந்தைக்குப் பால் புகட்டிப் பார்த்துக்கொள்பவன் மூத்தவன். நாலரை மணிக்கு எழுகிறான். தொலைக்காட்சிப் பேச்சு அவன் கற்பித்துக்கொண்டது. வீட்டு நிலையை வெளியே சொன்னால் பெற்றோருக்கு ஏதேனும் தொல்லை வரும் என்று அஞ்சி, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு மொழிபெயர்த்திருக்கிறான். கொய்யாப் பழம் வாங்கித் தின்ற நான் இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. என் மாணவன் தன்னைக் காத்துக்கொள்ளப் பொய் சொன்னான். இவன் தன் வீட்டைக் காக்கச் சொன்னான். இரண்டு பேரையும் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் நாங்கள் ஆசிரியர்கள்.

அம்மையார் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அவனுடைய வாசிப்புப் பாடத்தைக் காலையிலிருந்து பகலுணவுக்குப் பின் மாற்றினார். வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க அரைமணி ஒதுக்கினார். 'கவனமின்மை' என்று தாம் எழுதியிருந்ததை அடித்தார்.

மறுப்புரைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரே வகுப்பில் ஐந்து மொழி பேசும் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? ஐந்தையும் கற்க இயலாதுதான். அரைகுறை மொழியறிவை நம்பிப் பெரிய காரியங்களில் இறங்குவதும் ஆபத்து. நோய், வழக்கு, குழந்தைக்குத் தனிக்கல்வி வேண்டுமா என்பன போன்ற பேச்சுக்கு அந்த அம்மையாரும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரையே அழைத்துவந்தார். வேண்டாதது பிள்ளையை மொழிபெயர்ப்பாளனாக்குவது, அவ்வளவே. அந்நாட்டின் கொள்கையோ முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கிறது. கலிபோர்னியா வாக்காளர்கள் 1998-இல் இருமொழி வகுப்புகளைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். 2016-இல் அதை அவர்களே மாற்றினார்கள். 2025 மார்ச் மாதத்தில் ஜனாதிபதியின் ஆணை ஆங்கிலத்தை அதிகார மொழியாக அறிவித்தது. எந்த ஆணை வந்தாலும் காலையில் வகுப்புக்கு வரும் குழந்தை வீட்டு மொழியோடுதான் வருகிறது.

மார்ஃபாப் பள்ளி 1965-இல் மூடப்பட்டது. 2007-இல் அதன் பழைய மாணவர்கள் கூடி, கொடிக்கம்பத்தின் அருகே மண்ணைத் தோண்டி ஒரு ஸ்பானிய அகராதியை வெளியே எடுத்து மற்றொரு சடங்கு செய்தார்கள். 2024 முதல் அக்கட்டடம் நாட்டின் வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்பட்டு வருகிறது.

நான் ஊர் திரும்பும் வாரத்தில் அம்மையார் ஒரு புதுச் செய்தி சொன்னார். குவாத்தமாலா நாட்டிலிருந்து வந்த ஒரு சிறுமி வகுப்பில் சேர்ந்திருந்தாள். தாயை அழைத்து, தாம் அரும்பாடுபட்டுக் கற்ற ஸ்பானிஷில் 'உஸ்தெத்' என்று மரியாதையோடு தொடங்கினார். அந்தத் தாய் தலைகுனிந்து, பேசாமல் நின்றாள். அவள் மாயா இனத்தவள். அந்நாட்டில் மாயா மொழிகள் மட்டும் இருபத்திரண்டு. அவற்றுள் கிச்சே என்பது அவள் மொழி. ஸ்பானிஷ் அவளுக்கும் பள்ளியிலும் அலுவலகத்திலும் பிறர் பேசும் அயல்மொழிதான். அவள் முன்னோர் ஊர்களுக்கு அது படையோடு வந்த மொழி. அம்மையார் ஸ்பானிஷ் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, நன்றி என்பதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று அச்சிறுமியைக் கேட்டாராம். சிறுமி தாயைப் பார்த்தாள். தாய் மெல்லச் சொன்னாள்: 'மல்ட்யோஷ்'. அதை அவர் இரண்டு முறை பிழையாகவும் மூன்றாம் முறை ஏறக்குறையச் சரியாகவும் சொன்னார். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு சொல்லை எழுதியிருப்பதை எனக்குக் காட்டினார். அதன் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது.